போன் கடையில ஈமெயில் திறந்து வாங்கினாக்கள் உடனே பாருங்க, என்ட 64,800 ரூபா போயிட்டு

கை நடுங்க நடுங்கத்தான் டைப் பண்றன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் படுத்த பிறகு என்ட டெபிட் கார்ட்ல இருந்து 8,100, 8,100 எண்டு எட்டுத் தரம் வெட்டியிருக்கு. போன் சைலன்ட்ல கிடந்தது, விடிய எழும்பிப் பாத்தா எஸ்எம்எஸ் வரிசையா நிக்குது. 64,800 ரூபா! நத்தாருக்கும் பொங்கலுக்கும் நித்திரை முழிச்சு கேக் அடிச்சு, புது ஓவன் எடுக்க எண்டு சேர்த்த காசு.

போன வருசம் டவுனுக்குள்ள ஒரு போன் கடையில புது போன் எடுத்தன். பழைய ஈமெயில்ட பாஸ்வேர்ட் ஞாபகமில்ல. நான் உப்புவெளி, திரும்பிப் போக பஸ்ஸுக்கும் நேரமாகுது. அங்க நிண்ட பொடியன் "யோசிக்காதீங்க அக்கா, புதுசா ஒண்டு திறந்து தாறன்" எண்டான். என்ன மரியாதை தெரியுமா, கதிரை போட்டு பிளேன்டீயும் தந்தவன். பாஸ்வேர்டும் அவனே போட்டான்: என்ட பேர், ஒரு அட் அடையாளம், பிறகு 123. திரையில பச்சைக் கோடு வந்து பலமானது எண்டு காட்டிச்சு, "பாத்தீங்களா அக்கா" எண்டு சிரிக்கிறான். (பச்சை வந்தா போதும் எண்டுதான் நானும் நினைச்சன். பேரும் 123ம் களவெடுக்கிறவன் முதல்ல அடிச்சுப் பாக்கிறது எண்டு இப்பதான் விளங்குது.) பிறகு ஒரு சீஆர் கொப்பிய எடுத்து ஈமெயில், பாஸ்வேர்ட், போன் நம்பர் மூண்டையும் எழுதினான். "மறந்தா வாங்க அக்கா, எல்லாரடதும் எங்கட்ட பத்திரமா இருக்கு" எண்டான், நானும் நல்ல பிள்ளை எண்டு நன்றி சொல்லிப்போட்டு வந்தன், வீட்டுத் திறப்பக் குடுத்திட்டு நன்றி சொன்ன ஒரே ஆள் நானாத்தான் இருப்பன்.

என்ட பிழையும் இருக்கு, மறைக்கல்ல. அதே பாஸ்வேர்டத்தான் நான் இணையத்துல கேக் விக்கிற பேஜுக்கும் போட்டன், விளம்பரம் போட கார்டையும் அதில சேமிச்சு வச்சன். ஆரோ உள்ள பூந்து, என்ட பேஜ்ல விளங்காத பாசையில சப்பாத்து விளம்பரம் ஓட்டியிருக்கிறானுகள். பாஸ்வேர்ட மாத்தப் போனா மீட்பு நம்பர் எண்டு கடைட நம்பர் கிடக்குது, கோட் அங்கதான் போகுது!

கடைக்குப் போனன். அந்தப் பொடியன் இப்ப கட்டார்லயாம். முதலாளி தலையே நிமித்தல்ல, "நாங்க போன் விக்கிறது மட்டும்தான் தங்கச்சி" எண்டார். அவங்கதான் எடுத்தாங்க எண்டு நான் சொல்ல வரல்ல, எனக்கு ஆதாரம் இல்ல, ஆனா அந்தக் கொப்பிய ஆர் ஆர் பாத்தது? பேங்க்ல "கார்ட நீங்கதானே மேடம் சேமிச்சீங்க" எண்டு ஒரு ஃபோம் தந்தாங்க, கார்ட நிப்பாட்டினதோட சரி. என்ட பேஜ் இருக்கிற வலைத்தளத்துக்கு மூண்டு தரம் எழுதினன், மூண்டுக்கும் ஒரே தானியங்கிப் பதில். 64,800 ரூபாவுக்கு ஒரு மனிசன் கூட வாய் திறந்து பதில் சொல்லல்ல.

என்னெல்லாம் செய்யணும் எண்டு விரிவா எழுதத்தான் இருந்தன், தலை இடிக்குது, முக்கியமானத மட்டும் சொல்றன். முதல்ல ஈமெயில், அது போனா எல்லாம் போகும். மீட்பு நம்பர் உங்கட நம்பரா எண்டு பாருங்க, எந்தெந்தக் கருவியில திறந்து கிடக்கு எண்டும் பாத்து எல்லாத்தையும் வெளியேத்துங்க. ஒரு பாஸ்வேர்ட ரெண்டு இடத்துல போடாதீங்க. சம்பந்தமில்லாத நாலஞ்சு சொல்ல நீளமாக் கோத்துப் போடுங்க, ஞாபகம் நிக்காட்டி வீட்டுக் கொப்பியில எழுதி அலுமாரிக்குள்ள வைங்க, கடைக் கொப்பிய விட அது எவ்வளவோ மேல். ரெண்டு கட்ட உறுதிப்படுத்தல (பாஸ்வேர்டோட ஒரு கோடும் கேக்கிற முறை) போடுங்க, வாற கோட ஆருக்கும் சொல்லாதீங்க. தேவையில்லாத இடத்துல கிடக்கிற கார்ட எடுத்து விடுங்க. மாட்டுப்பட்டா 101க்கு எடுங்க, அது இலங்கை சேர்ட் (Sri Lanka CERT) எண்ட இணையப் பாதுகாப்பு அரச நிறுவனத்திட நம்பர்.

என்ட பக்கத்தையாவது கிழிச்சுத் தாங்க எண்டு கேட்டன், முதலாளி தரல்ல. கொப்பி மேசை லாச்சிக்குள்ளதான் கிடக்குது, லாச்சிக்குப் பூட்டும் இல்ல, என்ட பேருக்கு மேலயும் கீழயும் எத்தனையோ பேர். டவுன்ல எந்தக் கடையிலயாவது இப்பிடி எழுதிக் குடுத்தாக்கள் இருந்தா இண்டைக்கு ராத்திரி படுக்க முதல் மாத்துங்க.