மெட்டீரியலைஸ்ட் வியூவின் பண்புகளை மாற்றுதல்: நெல் கொள்முதல் கணக்கில் நெடுநாள் பயன்பாடு

மட்டக்களப்பில் பெரும்போக அறுவடை தொடங்கினால் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு நெல் லொறிகள் ஓய்வில்லாமல் ஓடும். ஒவ்வொரு லொறியின் எடையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு வரிசை. நாள், வட்டை (வயல்வெளி), நெல் ரகம் என்று கூட்டிக் காட்ட மெட்டீரியலைஸ்ட் வியூ நல்ல வழி. வினவலின் விடையைச் சேமித்து வைத்து, ரீஃப்ரெஷ் கட்டளை கொடுக்கும்போது மட்டும் புதுப்பிக்கும் வியூ அது. பல போகங்கள் ஓடிய பிறகு அதன் பண்புகளை மாற்ற வேண்டி வரும்போது எது உதவுகிறது, எது காலை வாருகிறது என்பதே இங்கே.

முதலில் எல்லை. ஆல்டர் மெட்டீரியலைஸ்ட் வியூ கட்டளையால் பெயர், நிரற்பெயர், ஸ்கீமா (அட்டவணைகளைத் தொகுக்கும் பெயர்வெளி), உரிமையாளர், டேபிள்ஸ்பேஸ் (கோப்புகள் இருக்கும் டிஸ்க் இடம்), சேமிப்பு அளவுருக்கள் போன்றவற்றை மாற்றலாம். உள்ளேயுள்ள வினவலை மாற்ற முடியாது. சாதாரண வியூவுக்கு உள்ள கிரியேட் ஆர் ரிப்ளேஸ் இதற்கு இல்லை.

அதிகம் தலைவலி தருவது உரிமையாளர் மாற்றம். மாற்றுபவரால் புதிய உரிமையாளரின் ரோலுக்கு (தரவுத்தளப் பயனர் அல்லது குழு) மாற முடிந்து, அந்த ரோலுக்கு ஸ்கீமாவில் கிரியேட் அனுமதியும் இருந்தால் கட்டளை ஓடிவிடும். ஆனால் ரீஃப்ரெஷ் ஓடுவது உரிமையாளரின் அனுமதியில். மூல அட்டவணைகளில் அவருக்கு செலக்ட் (வாசிக்கும்) அனுமதி இல்லையென்றால் பகலில் எல்லாம் சரிபோலத் தெரியும், இரவு ரீஃப்ரெஷ் தோற்கும். ஆகவே ஆளின் பெயரில் வைக்காமல், உள்நுழைய முடியாத ஒரு ரோலை உரிமையாளராக்கி, ஆட்களை அதன் உறுப்பினராக்குங்கள். பதிப்பு 17இலிருந்து மெயின்டெயின் அனுமதி மட்டும் கொடுத்தாலும் ரீஃப்ரெஷ் செய்யலாம். அதே பதிப்பில் ரீஃப்ரெஷின்போது சேர்ச் பாத் (ஸ்கீமா பெயர் சொல்லாத அட்டவணையைத் தேடும் ஸ்கீமாக்களின் பட்டியல்) சுருக்கப்படுகிறது. வினவல் அழைக்கும் ஃபங்ஷன்களுக்குள் ஸ்கீமா பெயர் இல்லாத அட்டவணை இருந்தால், மேம்படுத்திய அன்றே பிழை வரும்.

ஃபில்ஃபேக்டரை (ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை சதவீதம் நிரப்புவது என்ற அளவு) 70 ஆக்கினால் புதுப்பிப்பு வேகமாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. வாசிப்பவர்களைத் தடுக்காமல் ரீஃப்ரெஷ் செய்யும் கன்கரன்ட்லி முறை, மாறிய வரிசைகளை அழித்துவிட்டுப் புதிதாகச் செருகுகிறது. அப்டேட் நடப்பதே இல்லை, அதனால் பக்கத்தில் விட்ட வெற்றிடம் வீண். இயல்பான 100ஐயே விடுங்கள்.

கவனிக்க வேண்டியது, அழிந்த வரிசைகளைத் தானாகத் துப்புரவாக்கும் ஆட்டோவேக்கம். இயல்பாக 20 சதவீதமும் 50 வரிசைகளும் செத்த பிறகே அது எழும்பும். 5 இலட்சம் வரிசை என்றால் 1,00,050. மணிக்கொரு முறை கன்கரன்ட்லி ஓடும் அறுவடைக் காலத்தில் அதற்குள் வியூ ஊதிவிடும். அந்த 20 சதவீதத்தைக் குறிக்கும் ஸ்கேல் ஃபேக்டரை 0.02 ஆக்கினால் 10,050இலேயே துப்புரவு தொடங்கும். இந்த மாற்றம் வாசிப்பவர்களைத் தடுக்காது, பட்டப்பகலிலேயே செய்யலாம்.

கன்கரன்ட்லிக்கு யூனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வரவிடாத சுட்டி) கட்டாயம். வேர் நிபந்தனையோ கோவையோ இல்லாமல், நிரல்களின் மேல் மட்டும் இருக்க வேண்டும். ரகம் எழுதாமல் விட்ட பதிவுகளால் அந்த இன்டெக்ஸில் உள்ள நிரலில் நல் (மதிப்பே இல்லாத வெற்றிடம்) விழுந்தால், அந்த வரிசைகள் மாறாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் அழிந்து மீண்டும் செருகப்படும். வினவலிலேயே கோலெஸ் ஃபங்ஷனைப் போட்டு, நல் வரும் இடங்களை ‘ரகம் தெரியாது’ என்று நிரப்புவது நல்லது.

டேபிள்ஸ்பேஸ் மாற்றம் கோப்பையே புதிய டிஸ்க்குக்கு நகலெடுக்கும், முடியும்வரை ஒருவரும் வாசிக்க முடியாது. இன்டெக்ஸ்கள் பழைய டிஸ்க்கிலேயே கிடக்கும். ஆல்டர் இன்டெக்ஸ் தனியாகக் கொடுக்க வேண்டும். இரவில் செய்யுங்கள்.

வினவலே மாற வேண்டுமென்றால்: புதிய பெயரில் வியூவை உருவாக்கி, இன்டெக்ஸ்களையும் கிராண்ட்களையும் (அனுமதிகள்) கொடுத்து, எண்களைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரே டிரான்சாக்ஷனில் பழையதன் பெயரை மாற்றி, புதியதற்கு அந்தப் பெயரைச் சூட்டுங்கள். அதற்கு முன் லாக் டைம்அவுட்டை (பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) 5 செக்கன் ஆக்குங்கள். இல்லையென்றால் நீண்ட அறிக்கை ஒன்று முடியும்வரை பெயர்மாற்றம் காத்திருக்கும், பின்னால் வரும் வினவல்களும் அதன்பின் வரிசைகட்டும்.

இங்கே பலர் தவறவிடுவது, மேலே கட்டிய சாதாரண வியூக்கள் பெயரைப் பார்ப்பதில்லை, உள் அடையாள எண்ணையே பிடித்திருக்கும் என்பது. பெயர் மாறிய பிறகும் அவை பழையதைத்தான் காட்டும், பிழைச் செய்தியே வராது. ஒவ்வொன்றையும் கிரியேட் ஆர் ரிப்ளேஸ் செய்த பின், பழையதைக் கஸ்கேட் (சார்ந்தவற்றையும் சேர்த்து அழிக்கும் சொல்) இல்லாமல் டிராப் செய்து பாருங்கள். எதாவது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் போஸ்ட்கிரெஸே மறுத்து, அதன் பெயரையும் சொல்லும்.