கடலூர்–சென்னை பஸ்: கட்டுச்சோறா, மோட்டலா, பாண்டியில் இறங்கிச் சாப்பிடுவதா?

அம்மாவின் கண் சிகிச்சைக்காக மாதம் இரண்டு முறை கடலூரிலிருந்து சென்னைக்குப் போய் வருகிறோம். எனக்கு மட்டும் என்றால் இந்த அலசலே வேண்டாம். நாலரை, ஐந்து மணி நேரப் பயணம். ஏறும் முன் சாப்பிட்டு, இறங்கியதும் சாப்பிட்டால் போயிற்று. ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை. கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். அதனால் என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி.

மோட்டல் தோற்பது இந்த இடத்தில்தான். "பத்து நிமிஷம் வண்டி நிக்கும், சாப்பிடறவங்க சாப்பிட்டு வந்துடுங்க" என்று கண்டக்டர் குரல் கொடுக்கும் நேரத்துக்குத்தான் நமக்குப் பசிக்க வேண்டும். சில நாள் எட்டு மணிக்கு நிறுத்துவார்கள், சில நாள் ஒன்பதரை, சில வண்டி நிற்பதே இல்லை. நின்றாலும் டோக்கன் வாங்கவே நாலு நிமிஷம். மிச்ச நேரத்தில் மென்று சாப்பிட முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒருமுறை அம்மா இரண்டாவது இட்லியைப் பிட்டபோது டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். இட்லியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஓடினோம்.

மோட்டலில் எல்லாமே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். கண்ணெதிரே கல்லில் வார்த்த தோசை, ஆம்லெட், ஆவி பறக்கும் இட்லி எல்லாம் பயமில்லாமல் சாப்பிடலாம். தேங்காய்ச் சட்னியை மட்டும் தொட மாட்டேன். எப்போது அரைத்தது என்று யாருக்குத் தெரியும்? வடையும் பூரியும் எண்ணெயைப் பொறுத்தது. பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. நம்மால் அதை அளக்க முடியாது. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் நகர்ந்துவிட வேண்டியதுதான்.

கட்டுச்சோறு வீட்டுச் சாப்பாடு என்பதாலேயே நல்லது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. புளியோதரையை எடுத்துக்கொள்ளுங்கள். புளியும் நல்லெண்ணெயும் இருப்பதால் சீக்கிரம் கெடாது, சரி. ஆனால் டப்பா முழுக்கச் சோறு. பருப்பு என்று பார்த்தால் தாளித்த கடலைப்பருப்பு நாலு. அம்மா அதைச் சாப்பிட்டு ஜன்னலோரம் தூங்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை எகிறியிருக்கும். தயிர்சாதத்துக்குப் பழைய உபாயம் உண்டு: குழைய வடித்து ஆறிய சோற்றில் பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால், சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் உறைந்திருக்கும். சோற்றைச் சுடச்சுட டப்பாவில் அடைப்பதுதான் தப்பு. வெந்த சோற்றிலும் சாகாத பாக்டீரியா வித்துகள் உண்டு. வெதுவெதுப்பில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வெயிலுக்கு அது சரியான எச்சரிக்கைதான்.

நாங்கள் கடைசியாகப் பிடித்துக்கொண்டது இதுதான். வாழையிலையில் மூன்று இட்லி, இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி, கூடவே ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலை. ஐந்து மணிக்கு வண்டி ஏறி, ஏழு மணிக்குப் பிரித்துவிடுவோம். முன்பு ஐந்து இட்லி கட்டுவேன், இரண்டைக் குறைத்துக் கடலையைச் சேர்த்ததற்கு, "ஏம்மா, என்னைக் குருவின்னு நெனச்சியா?" என்று அம்மா கேட்டார். இப்போது கேட்பதில்லை. சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்க, கைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கும்.

வழியில் விற்பதில் எனக்குத் தனிப் பிரியம். அவித்த மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு) ஈடாக எந்த பிஸ்கட்டும் கிடையாது: புரதம் இருக்கிறது, ஓடு மூடியிருப்பதால் தூசு படாது, உரித்துத் தின்பதால் கையும் வாயும் மெதுவாக வேலை செய்யும். கொய்யாவை வெட்டாமல் வாங்குவேன். மிளகாய்த்தூள் தடவித் தரும் கத்தி எந்தத் தண்ணீரில் நனைந்ததோ. மரக்காணம் பக்கம் தர்பூசணி குவிந்திருக்கும் நாட்களிலும் துண்டு போட்டு வைத்ததை வாங்குவதில்லை. பண்ருட்டிப் பலா வாசனை வந்தால் மட்டும் அம்மாவைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். இரண்டு சுளை என்று ஒப்பந்தம்.

தண்ணீர் பற்றி ஒன்று. பெண்கள் பலர் பஸ் ஏறும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை, கழிப்பறைக்குப் பயந்து. தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று அதற்கு விலை கொடுக்கிறோம். மோட்டலால் எங்களுக்கு உண்மையில் ஒரு பயன் உண்டென்றால் அது சாப்பாடல்ல, கழிப்பறைதான். அங்கே போய்விட்டு வருவோம் என்ற தைரியத்தில் அரை லிட்டராவது குடிக்க முடிகிறது.

பாண்டிக்கு வருவோம். போகும்போது அது உதவாது. கடலூரிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான். இட்லிக் கடை வாசலில் நின்றாலும் பசி வந்திருக்காது. திரும்பும்போது கதையே வேறு. கையில் கட்டுச்சோறு இல்லை, மூன்றரை நான்கு மணி நேரம் ஓடியாயிற்று, அம்மாவின் ராத்திரி மாத்திரை நேரமும் அதுவே. நேர் பஸ்ஸிலேயே வந்தாலும் பாண்டியில் இறங்கிவிடுவோம். கடலூருக்கு அடுத்தடுத்து வண்டி உண்டு, யாரும் ஹாரன் அடித்து விரட்டப்போவதில்லை.

பாண்டி என்றதும் ஆளாளுக்கு பேக்கரியைச் சொல்வார்கள். குரோசான் அடுக்கடுக்காக மைதாவும் வெண்ணெயும்; ஆசைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு அல்ல. பஸ் ஸ்டாண்டு முட்டை பப்ஸ் அந்த அளவுக்குக்கூட இல்லை, பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி வகைக் கொழுப்பு. இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி வந்தது நல்லதுதான், மைதா மைதாதானே. நாங்கள் டிபன் கடையில் உட்கார்ந்து, அம்மாவுக்கு இரண்டு இட்லி, கிண்ணத்தில் சாம்பார் கூடுதலாக; எனக்குத் தோசை, ஆம்லெட். இருபது நிமிஷம் ஆகும். அம்மா மெதுவாகத்தான் சாப்பிடுவார், கண்ணில் மருந்து விட்ட நாளில் இன்னும் மெதுவாக.

போன தடவை சாப்பிட்டு வெளியே வந்ததும் பேக்கரி கண்ணாடியைப் பார்த்தபடி, "பேரனுக்கு" என்று ஒரு பன் வாங்கச் சொன்னார். கன்னிக்கோயில் வரும்போது பொட்டலம் பாதியாகியிருந்தது.