என்குவாஸ் சான்று: சுவருக்குள் நல்ல மேஸ்திரி, தெருவில் அந்நியர்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒன்றிய அரசு தரும் தேசியத் தர உறுதிச் சான்றை ஊழியர்கள் 'என்குவாஸ்' என்பார்கள். 2013இல் மாவட்ட மருத்துவமனைகளுக்காக வந்த திட்டம், பின்னர் கீழ்நிலைகளுக்கும் இறங்கியது. புது யோசனைகளுக்கு இது உரமா, தடையா?

புறநோயாளி, பிரசவ அறை, உள்நோயாளி, ஆய்வகம், தேசியத் திட்டங்கள், பொது நிர்வாகம் என ஆறு செக்லிஸ்ட். ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மதிப்பீட்டாளர் கண்ணால் பார்ப்பார், ஊழியரைக் கேட்பார், பதிவேட்டைப் புரட்டுவார், நோயாளியிடமும் விசாரிப்பார். மொத்தத்தில் 70% வாங்கினாலும் ஏதாவது ஒரு பிரிவு சறுக்கினால் சிக்கல்தான். சான்று 3 ஆண்டு செல்லும்.

இதில் உருப்படியானது தர மேம்பாட்டுச் சுழற்சி: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. காத்திருப்பு நேரத்தைக் குறைக்க வேண்டுமா? சீட்டு போட்ட நேரத்தையும் மருத்துவரைப் பார்த்த நேரத்தையும் மருந்து வாங்கிய நேரத்தையும் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். நெரிசல் மருத்துவர் அறை வாசலிலா, மருந்தகத்திலா என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு மாற்றம் செய்து, அதே முறையில் மறுபடி அளக்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: முன் அளவு இருக்காது, அல்லது மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டு எது பலித்தது என்று விழிப்பார்கள்.

இன்னொரு நோய், ஒரே நாளில் உட்கார்ந்து ஒரே மையில் எழுதிய பதிவேடு. தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலையை நாளுக்கு இருமுறை குறிக்க வேண்டும்; 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆறு மாதமும் அலுங்காமல் 4 டிகிரி என்றிருந்தால், "கரண்ட் போன அன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்ற ஒரு கேள்வி போதும், குட்டு உடைந்துவிடும்.

குறை எங்கே? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு போனது. அது எந்தச் செக்லிஸ்ட்டிலும் முளைத்த யோசனை அல்ல. மதிப்பீட்டாளருக்குக் களப்பணி தெரிவது பெரும்பாலும் பதிவேட்டின் வழியாகத்தான். ஃபைல் சரிசெய்யக் களப்பணியாளர்களை உட்கார வைத்தால், சான்று வரும் மாதத்தில் வீடு வீடாகப் போகும் வேலை படுத்துவிடும்.

விண்ணப்பிக்கும் முன் 0 வாங்கும் கேள்விகளை மட்டும் தனியே எடுங்கள். பணம் கேட்பவை ஒரு பக்கம், பழக்கம் கேட்பவை மறுபக்கம். கழிவைச் சரியான நிறப் பையில் போடுவது, கை கழுவுவது போன்ற இரண்டாம் வகையை முதலில் முடியுங்கள். அதற்கு எந்த டெண்டரும் வேண்டாம்.