அடுத்த பெட்டி: நாட்டா, தூஃபானியா, தேஜஸா, மாருத்தா?

அக்டோபர் பிறந்ததும், பிளாஸ்டிக் மாதிரி விமானங்களுக்கு வண்ணம் அடிக்கும் என் ஏர்பிரஷ் உறைக்குள் போய்விடும். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை புதுச்சேரியில் லாக்கர் பெயிண்ட் அடிப்பது காசைக் கரியாக்கும் வேலை. காற்றில் இருக்கும் ஈரம் காயாத பெயிண்டின் மேல் படியும். கண்ணாடிபோல் மின்ன வேண்டிய இறக்கை, விபூதி பூசியதுபோல் வெளுத்துவிடும். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி லாஸ்பேட்டையில் வீடு கட்டியும் தப்பிக்க முடியவில்லை. ஆகவே மழை மாதங்களில் எங்களுக்கு இரண்டே வேலைகள்: ஒட்டுவது, ஆசைப்படுவது.

ஆசைப்படுவதற்கும் அதுதான் பருவம். ஏர்ஃபிக்ஸ் போன்ற மாதிரி விமான நிறுவனங்கள் புத்தாண்டு பிறந்த கையோடு அவ்வருடப் பட்டியலை அறிவிக்கும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று பேர் கூடுவோம். கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் வருபவரை நாங்கள் சார் என்றே அழைப்போம். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் முத்தியால்பேட்டைத் தம்பி, கல்லூரி மாணவர். மூன்றாவது நான். வருடா வருடம் ஒரே கேள்விதான்: இந்திய விமானப்படையின் எந்த விமானத்துக்கு ஒரு பெரிய நிறுவனம் புதிதாக அச்சு வெட்ட வேண்டும்? சார் நாட் விமானத்தின் கட்சி. தம்பி தேஜஸ். நான் மாருத். நான்காவதாகத் தூஃபானி ஒன்று இருக்கிறது. அது தம்பியின் தாத்தா கட்சி.

வீரக்கதையை அளவுகோலாக வைத்தால் இந்த வாதம் விடிய விடிய நடக்கும். நான் கேட்பவை இரண்டு. அந்தக் கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி) வராமலே போனால், கைவசம் உள்ளதை வெட்டி ஒட்டி அதைச் செய்துகொள்ள முடியுமா? அச்சு வெட்டும் நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகுமா? எஃகு அச்சு என்பது பெரிய முதலீடு. ஒரே அச்சிலிருந்து எத்தனை நாட்டுக்காரர்களுக்கு எத்தனை வண்ணப் பெட்டிகள் விற்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அதில் கைவைப்பார்கள். நம் கண்ணீரைப் பார்த்து யாரும் எஃகைச் செதுக்குவதில்லை.

முதலில் சாரின் நாட். பிரிட்டனின் ஃபாலண்ட் நிறுவனம் வடிவமைத்த மிகச் சிறிய போர் விமானம் இது, ஏறக்குறைய ஒன்பது மீட்டர் நீளம், 6.7 மீட்டர் இறக்கை விரிவு. 1/72 அளவில், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர், உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம். சார் ஏன் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்ததுதான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே நாட் விமானத்தில் ஏறிப் பறந்து பாகிஸ்தானின் சேபர் ஜெட்களை எதிர்த்து உயிர்விட்டவர் நிர்மல்ஜித் சிங் செகோன். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். சார் அப்போது பள்ளி மாணவர். செய்தியை வானொலியில் கேட்டவர்.

ஆனால் கிட் என்று வந்தால் நாட் ஓர் ஏமாற்றுக்காரன். ‘ஏர்ஃபிக்ஸில் 1/48 நாட் இருக்கிறதே’ என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள். இருப்பது இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். நானும் ஒருமுறை ஏமாந்தேன். பின் இருக்கையை அடைத்து மூக்கைக் குறைத்தால் போர் விமானம் வந்துவிடும் என்று நினைத்து உடலை அறுத்தும்விட்டேன். அதன் பிறகுதான் இறக்கையை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பயிற்சி விமானத்துக்கு இறக்கையே வேறு, விரிவு 7.3 மீட்டர். 1/48இல் அது ஒன்றேகால் சென்டிமீட்டர் கூடுதல். அறுத்த உடல் இன்னும் டப்பாவில் கிடக்கிறது.

1/72இல் அந்தக் கஷ்டம் இல்லை. செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி, ஒற்றை இருக்கை நாட்டையும் அதன் இந்திய வாரிசான அஜீத்தையும் கொடுத்திருக்கிறது. (அஜீத் செய்துகொண்டிருக்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது, ‘முகம் ஒத்துப்போகுமா?’ என்று கேட்டார்கள்.) குறைந்த எண்ணிக்கைக்கான அச்சு என்பதால் பாகங்கள் தானாகப் போய்ப் பொருந்தாது, உரசி உரசித்தான் ஒட்ட வேண்டும். இருந்தாலும் விமானம் கைக்கு வருகிறது. பின்லாந்தும் நாட் ஓட்டியது, ஆகவே இரண்டாவது பெட்டிக்கும் ஆள் உண்டு. சாரின் ஆசை 1/48க்கு மட்டும் நியாயமானது. அதை அவரிடம் சொன்னால் இரண்டு வாரம் வரமாட்டார்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1/48 கண்ணுக்கு இதம், நாற்பதைத் தாண்டியவனுக்கு இன்னும் இதம். ஆனால் பெட்டி பெரிதாக ஆகத் தபால் செலவும் சுங்கமும் கூடவே ஏறும், அலமாரி சுருங்கும். நான் 1/72 ஆள். வாங்கும் சம்பளத்துக்கும் இருக்கும் சுவருக்கும் அதுதான் சரி.

தூஃபானி கதை இந்த ஊருக்கே உரியது. பிரான்சின் தஸ்ஸோ நிறுவனத்தின் உராகான் விமானம், 1953 முதல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. நூற்றுக்கும் மேல் வாங்கினோம். உராகான் என்றால் சூறாவளி. நம் விமானப்படை அதற்கு வைத்த பெயர்தான் தூஃபானி. கவனியுங்கள், புதுச்சேரி இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது 1954 நவம்பர் 1. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே அவர்களுடைய சூறாவளி இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தை அணிந்து பறந்துகொண்டிருந்தது. தம்பியின் தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். விடுமுறைக்குப் பாரிஸ் போன உறவினர் கொண்டுவந்த ஹெல்லர் 1/72 உராகான் பெட்டி அந்த வீட்டில் ஒட்டப்படாமலே பல வருடம் இருந்தது. தாத்தா அதைத் திறக்கவிடவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவில் தரைத்தள அறைக்குள் முழங்கால் தண்ணீர். சூறாவளி சூறாவளியையே கொண்டுபோனது. மறுநாள் பெட்டியைத் திறந்தால் அட்டை கூழாகியிருந்தது, சின்னங்களை ஒட்டுவதற்கான டெகால் தாள் விளக்கக் குறிப்போடு ஒட்டி ஒரே பாளமாகியிருந்தது. பிளாஸ்டிக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சாயம்போகாத சாம்பல் நிறத்தில், இறக்கை நுனிக் கலன்கள் இரண்டும் சட்டத்தில் அப்படியே இருந்தன. தம்பி அதைக் கழுவித் துணிக்கொடியில் காயவைத்தார்.

அந்தப் பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் தூஃபானிக்கான என் பதில் கிடைத்தது. பழைய அச்சு, தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகள் எல்லாம் மேட்டுக் கோடுகள். ஆனாலும் உருவம் சரியாகவே இருக்கிறது. உரசிவிட்டுப் பள்ளக் கோடு கீறினால் ஒரு மாத வேலை. பிரான்ஸ், இந்தியா, இஸ்ரேல் என்று வாடிக்கையாளர் நாடுகள் இருப்பதால் புதிய அச்சு வெட்டுபவருக்கு நஷ்டம் வராது. வந்தால் வாங்குவேன். வராவிட்டாலும் தூக்கம் கெடாது.

தேஜஸைப் பற்றித் தம்பியோடு நான் அதிகம் சண்டை போடுவதில்லை. அது சேவையில் இருக்கும் விமானம், கோவைக்குப் பக்கத்தில் சூலூரிலிருந்து இரண்டு அணிகள் இதை ஓட்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்று 18ஆவது அணி, செகோனின் அதே அணி. இதைச் சாரிடம் முதன்முதலில் சொன்ன அன்று அவர் தம்பிக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார், அதன்பின் தேஜஸைத் திட்டுவதையும் குறைத்துக்கொண்டார். வால் இறக்கை இல்லாத, முன்விளிம்பு நடுவில் கோணம் மாறும் முக்கோண இறக்கை, 13.2 மீட்டர் நீளம். 1/48இல் இருபத்தேழரை சென்டிமீட்டர். செய்வதற்குச் சுகமான உருவம். சாம்பலுக்குள் சாம்பலாக இருக்கும் வண்ணம்தான் எனக்குச் சலிப்பு, ஆனால் மழைக்காலத்தில் அக்ரிலிக் தூரிகையாலேயே முடித்துவிடலாம் என்பது அதிலிருக்கும் லாபம்.

என் கணிப்பு, தேஜஸுக்காக யாரும் மனு போட வேண்டியதில்லை. 2021இல் 83 விமானங்களுக்கு ஆர்டர் போட்டார்கள். ஒற்றை இருக்கை, இரட்டை இருக்கை, மார்க் 1ஏ, கப்பலில் இறங்கிக் காட்டிய கடற்படை மாதிரி என்று கிளைகள் பெருகிக்கொண்டே போகின்றன. கிளை ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. கணக்குத் தெரிந்த நிறுவனம் இதை விட்டுவைக்காது. உண்மையில் அவசரமாக வந்துவிடக்கூடாது என்பதுதான் என் பயம். புகைப்படத்தைப் பார்த்து உத்தேசமாக வெட்டிய அச்சு ஒன்று சந்தையில் உட்கார்ந்துவிட்டால், நல்லது வர இருபது வருடம் ஆகும்.

இனி மாருத். குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர், இரண்டாம் உலகப்போரில் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர், பின்னாளில் பெங்களூர் வந்து இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் உருவாக்கியது. முதல் பறப்பு 1961 ஜூன் 17. மொத்தம் 147 செய்தார்கள், அதில் 18 இரட்டை இருக்கை. ஒலியை மிஞ்ச வேண்டும் என்று வரையப்பட்ட உடல் அது. அதற்கேற்ற எஞ்சின் கடைசிவரை வாய்க்கவில்லை. நாட் விமானத்தில் ஒன்றாக இருந்த ஆர்ஃபியஸ் குடும்ப எஞ்சினையே இதில் இரண்டாகப் போட்டு ஓட்டினார்கள். எகிப்து தன் எஞ்சினைச் சோதிக்க ஒரு மாருத்தை வாங்கிப் பறந்தும் பார்த்தது, பலனில்லை. 1990இல் ஓய்வு.

டாங்க்கின் ஃபோக்க-வுல்ஃப் 190க்கு எத்தனை கிட்கள் என்று எண்ண ஆரம்பித்தால் இரவு போதாது. ஒவ்வொரு உட்பிரிவுக்கும், ஒவ்வொரு அளவிலும், தமியா, ஹசேகாவா, ரெவெல், எட்வார்ட் என்று வரிசை கட்டி நிற்கின்றன. அதே மனிதரின் மாருத்தை ஏர்ஃபிக்ஸும் தொடவில்லை, தமியாவும் தொடவில்லை, ஹசேகாவாவும் ரெவெலும் தொடவில்லை. அவ்வப்போது சிறு தயாரிப்பாளர்கள் கொடுத்த ரெசின், வேக்யூம் வார்ப்புகள்தான் கதி.

வேறொன்றை வெட்டி மாருத் ஆக்க முடியுமா? முயன்று பார்த்தவன் சொல்கிறேன், முடியாது. சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் ஒரு மாருத் நிற்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போய் ஒரு நாள் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூக்குக்கு நேராக நின்றால் சாதாரண ஜெட். பக்கவாட்டில் நாலடி நகர்ந்தால் இறக்கை சேரும் இடத்தில் உடல் குறுகி, இடுப்பு பிடித்து, பின்னால் இரண்டு எஞ்சினுக்காக மறுபடி அகலுகிறது. கோலிசோடா பாட்டில் கழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிட மென்மையான வளைவு. இந்த இடுப்பு நம் விமானப்படையின் மற்ற பழைய ஜெட்களான ஹண்டரில் இல்லை, மிஸ்தேரில் இல்லை. காற்று நுழையும் வாய்க்குள் பாதிக் கூம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதன் விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. 1/72இல் அந்த இடைவெளியைப் புட்டி வைத்துச் செதுக்குவதற்குள் மூன்று பிளேடு முறிந்துவிடும். எஃகு அச்சு வெட்டுபவருக்கு இது அரை நாள் வேலை. எங்களுக்கு ஆறு மாதம்.

கட்டுப்படியாகுமா என்ற இடத்தில்தான் சார் என்னை மடக்குவார். ‘இந்தியா ஒரு நாடுதான் ஓட்டியது. யாருக்கு விற்பான்?’ நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை, அரைப் பதில் உண்டு. ஒற்றை இருக்கை ஒரு பெட்டி, பயிற்சி விமானம் ஒரு பெட்டி, எகிப்தில் பறந்த சோதனை விமானம் ஒரு பெட்டி. வயிற்றுக்குள்ளிருந்து இறங்கும் ஐம்பது ராக்கெட் கொண்ட பேழையைத் திறந்தோ மூடியோ வைக்கலாம் என்றால் ஆளுக்கு இரண்டாக வாங்குவார்கள். மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைமில் ஜெர்மன் அருங்காட்சியகம் ஒரு மாருத்தை வாங்கி நிறுத்தியிருக்கிறது என்றால் டாங்க்கின் பெயருக்காகத்தானே? அதே பெயருக்காக ஃபோக்க-வுல்ஃப் பைத்தியங்கள் ஒரு பெட்டி வாங்கமாட்டார்களா? தமியா வெட்டாது, எனக்கும் தெரியும். செக் நாட்டுச் சிறு நிறுவனங்களில் ஒன்று 1/72இல் வெட்டினால் போதும்; பொருந்தாவிட்டாலும் நான் உரசிக்கொள்கிறேன்.

தம்பி என் பக்கம் சாய ஆரம்பித்திருக்கிறார். சார் அசையவில்லை.

இப்போதைக்கு என் மேஜையில் இருப்பது கைமாறி வந்த ஒரு ரெசின் மாருத். இடுப்பு ஓரளவு சரி. மூக்கின் இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு ஆடன் பீரங்கிகளுக்குத் துளை போட வேண்டும். 30 மில்லிமீட்டரை 72ஆல் வகுத்தால் 0.42. அந்த அளவு டிரில் பிட்டுக்கு மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள். கடைசியில் மிஷன் வீதிக்கு அப்பால் இருக்கும் பத்தரிடம் போனேன். மூக்குத்திக்குத் துளை போடும் பிட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரவல் தருவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டார்: ‘எத்தனை கல் வைக்கப் போகிறீர்கள்?’

நான்கு என்றேன்.