வீட்டைவிட அதிகம் தின்னும் இன்வெர்ட்டர்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பின்

மின்கம்பமே வராத நிலத்தில் குடியேறத் திட்டமிடும் நண்பர் ஒருவர் "இதே இன்வெர்ட்டரை வாங்கலாமா?" என்று கேட்டார். அதற்கான பதில் இது. அமைப்பு வழக்கமானதுதான்: 330 வாட் பேனல் 4, 150 ஆம்பியர்-அவர் (Ah) டியூபுலர் வகை லெட்-ஆசிட் பேட்டரி 2, அவற்றைத் தொடராக இணைத்த 24 வோல்ட் லைன், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 2 கேவிஏ சைன் வேவ் இன்வெர்ட்டர்.

இது வேலை செய்கிறதா என்றால், அருமையாகச் செய்கிறது. மிக்ஸியும் தண்ணீர் மோட்டாரும் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதற்கெல்லாம் இது அசைவதில்லை. கூலிங் ஃபேன் மட்டும் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. அது அரைமணி நேர வேலை.

எரிச்சல் வேறு இடத்தில். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு பேட்டரி ஒயரில் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டினால் 1.9 ஆம்பியர் காட்டுகிறது. 25.5 வோல்ட்டில் அது சுமார் 48 வாட், நாளைக்கு 1.15 யூனிட். வீட்டுக் கணக்கைப் பாருங்கள்: 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) ஃபேன் இரண்டு 10 மணி நேரம், 9 வாட் எல்இடி ஆறு 5 மணி நேரம், லேப்டாப், போனுக்கு ஒரு 180 வாட்-அவர் (Wh). எல்லாம் சேர்த்து 1.05 யூனிட். காவல்காரனுக்குப் போடும் சோறு வீட்டுக்காரர் சாப்பாட்டைவிட அதிகம்!

நல்ல வெயிலில் பேனல்கள் நாலைந்து யூனிட் தருவதால் இது உறைக்காது. மூட்டம் போட்டால் அதில் கால்வாசி வருவதே பெரிது. டியூபுலரைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று வைத்தால் கையில் இருப்பு 1.8 யூனிட். வீடு மட்டும் எடுத்தால் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். இன்வெர்ட்டரும் எடுப்பதால் ஒரு நாள்கூட முழுதாக ஓடாது. விவரத்தாளில் "90 சதவீதத் திறன்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது லோடு இருக்கும்போதான கணக்கு. சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது.

பவர் சேவ் மோடு என்று ஒன்று உண்டு. சில விநாடிக்கு ஒருமுறை துடிப்பு அனுப்பி லோடு இருக்கிறதா என்று தேடும். 9 வாட் பல்பு அதன் கண்ணுக்கே தெரியாது. பல்பு மின்மினிபோல மினுக்கிக்கொண்டிருக்கும். போன் சார்ஜரும் அப்படித்தான்.

உருப்படியான வழி, விளக்கையும் ஃபேனையும் பேட்டரியிலிருந்து நேராக வரும் 24 வோல்ட் டிசி லைனுக்கு மாற்றி, இன்வெர்ட்டரைத் தேவைப்படும்போது மட்டும் போடுவது. இதிலும் சறுக்கல்கள் உண்டு. 12 வோல்ட் வேண்டுமென்று இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது. அது குறைசார்ஜிலேயே கிடந்து சீக்கிரம் சாகும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். சமன்செய் சார்ஜின்போது (பேட்டரி செல்களைச் சமப்படுத்த அவ்வப்போது கூடுதல் வோல்ட்டில் ஏற்றுவது) லைன் 31 வோல்ட் வரை ஏறும். "24 வோல்ட்" என்று மட்டும் எழுதிய பல்புகள் அப்போதுதான் புகையும், 36 வரை தாங்குவதை எடுக்கவும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 15 மீட்டர் தள்ளி 4 ஆம்பியர் எடுத்தால் இழப்பு 0.84 வோல்ட், அதாவது 3.5 சதவீதம். அதே வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோனால் 14 சதவீதம். ஒவ்வொரு லைனுக்கும் பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். ஏசிக்கான எம்சிபியை (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) இதில் மாட்டாதீர்கள், டிசி பொறி அதில் அணையாமல் நின்று எரியும்.

நியாயமாகச் சொன்னால், குற்றவாளி அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர். மோட்டார் இழுப்பைத் தாங்குவதும் அதுதான், சும்மா இருந்து தின்பதும் அதுதான். எடை குறைந்த உயர் அதிர்வெண் வகை பொதுவாகக் குறைவாகத் தின்னும். ஆனால் மோட்டார் கிளம்பும்போது டிரிப் ஆகிவிடக்கூடும்.

என் மதிப்பெண் 5-க்கு 2. நண்பரே, வாங்காதீர்கள். ஆனால் மோட்டாரைக் கிளப்ப வேண்டியிருப்பதால், இது செத்தால் நான் இதையேதான் திரும்ப வாங்குவேன்; அணைக்கும் சுவிட்ச் மட்டும் கட்டில் பக்கத்தில் இருக்கும்.