உணவே போட வேண்டாத இறால் கோளம்: வாங்கலாமா?

கையில் அடங்கும் கண்ணாடிக் கோளம், வாயை உருக்கி அடைத்தது. உள்ளே உவர்நீர், மேலே கொஞ்சம் காற்று, சரளை, ஒரு சுள்ளி, பச்சைப் பாசி, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா, மூன்று நான்கு சிவப்பு இறால். பெரும்பாலும் ஹவாய்த் தீவுகளின் ஹலோகாரிடினா ரூப்ரா என்னும் இறால் இனம். ‘தண்ணீர் மாற்ற வேண்டாம், உணவு போட வேண்டாம், தானாக இயங்கும் உலகம்’ என்று விற்கிறார்கள். தண்ணீர் விஷயம் சரி. உணவு விஷயம் பாதிதான் சரி.

இறாலின் கழிவில் வரும் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும், பாசி அதை உறிஞ்சும், பாசியை இறால் மேயும். இப்படிப் பொருள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆற்றல் சுற்றாது. ஒளியாக நுழைந்து, ஒவ்வொரு உயிரும் மூச்சுவிட மூச்சுவிட வெப்பமாகிக் கண்ணாடி வழியே போய்விடும். அதனால் தினமும் நீங்கள் காட்டும் விளக்குதான் அந்த இறாலுக்குச் சாப்பாடு. அலமாரிக்குள் வைத்தால் பட்டினி.

கூடவே ஒரு குட்டி மீனும் இருந்தால் நன்றாயிருக்குமே என்று பலருக்கும் தோன்றும். முடியாது. மினசோட்டாவின் சீடார் பாக் ஏரியை வைத்து 1942-இல் வெளிவந்த சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமனின் கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் பள்ளிப் பாடத்தில் வரும் பத்து சதவீதக் கணக்கு. அது தோராயம்தான், ஆனால் இங்கே போதும். பாசியில் 1000 கலோரி சேர்ந்தால் இறாலின் உடலில் 100 தங்கும், மீனுக்கு 10. ஒரு கோளத்துப் பாசி நாலு இறாலுக்கே திணறும்போது மீனை எங்கே வைப்பது? மூன்றாம் படிக்கு ஏன் இடமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொம்மை கிடையாது. அந்த ஒரு விஷயத்துக்கு முழு மதிப்பெண்.

குறை இறாலின் நலத்தில் இருக்கிறது. இந்த இறால் இருபது ஆண்டு வரை வாழக்கூடியது. கோளத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுதான். உடனே சாகாமல் இருப்பதைப் பார்த்து நலமாக இருப்பதாக நினைத்துவிடுகிறோம். தீனி குறைந்தால் சட்டை உரித்த பின் வளராது, சிறுத்தும் போகும். உரித்த சட்டையையே தின்னும். குஞ்சு பொரிப்பது அரிது. நிறம் வெளுத்துக் கண்ணாடி போலத் தெரிந்தால் ஏதோ சரியில்லை என்று பொருள்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: நேர் வெயில் கூடாது, ஒரு மணி நேரத்தில் உள்ளே வெந்நீராகிவிடும். எல்இடி விளக்கு தினம் 10 முதல் 12 மணி நேரம். வெப்பம் 20 முதல் 27 டிகிரி. இதில்தான் நம் ஊர் மே மாதம் இடிக்கும். நீர் 10 டிகிரி சூடானால் இறாலின் ஆற்றல் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், வரவு அதே அளவுதான். நீர் பச்சையாகக் கலங்கினால் ஒளியைக் குறையுங்கள், இல்லாவிட்டால் இரவில் பாசியே ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும். உள்ளே போட்டிருக்கும் காந்தத்தை வெளியிலிருந்து இழுத்துக் கண்ணாடியை ஓயாமல் துடைக்காதீர்கள், அந்த வழுவழுப்புதான் இறாலின் மேய்ச்சல் நிலம்.

ஐந்துக்கு என் மதிப்பெண்: அழகுக்கு 4, பாடத்துக்கு 3, இறாலுக்கு 1. வகுப்புக்கென்றால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக, ஒளியால் பாசி எவ்வளவு சேர்க்கிறது என்று அளக்கும் ஒரு சோதனை செய்யலாம், அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே ஆகும்: மூடியுள்ள 300 மில்லி கண்ணாடிப் புட்டி மூன்று, இறால் பண்ணைக்காரர்கள் வாங்கும் ஆக்சிஜன் சோதனைச் சொட்டுமருந்து ஒரு பெட்டி. ஒரே வாளிக் குளத்து நீரை மூன்றிலும் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். ஒன்றை உடனே சோதியுங்கள். ஒன்றுக்கு அலுமினியத் தாள் சுற்றி, மீதி இரண்டையும் ஒரே தொட்டியில் வெளிச்சத்தில் நாலு மணி நேரம் அமிழ்த்திவிட்டு, பிறகு அவற்றையும் சோதியுங்கள். தொடக்கத்தில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்சிஜன், வெளிச்சப் புட்டியில் 9, தாள் சுற்றிய இருட்டுப் புட்டியில் 5 என்று வந்தால் மொத்த உற்பத்தி 4 (9-இல் 5 போக), அதில் 1 மூச்சிலேயே செலவு, மிச்சம் 3. நீர் அடர் பச்சையாக இருந்தால் மட்டும் பாதிக்குப் பாதி பாசியில்லாத நீரைக் கலந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஆக்சிஜன் குமிழியாகப் பிரிந்து கணக்கு குறைத்துக் காட்டும்.