சூப்பர்மேனும் முகமது அலியும்: நீல் ஆடம்ஸின் அட்டைப்படத்தை எந்த அளவில் வாங்குவது?

அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகமான டிசி 1978இல் பெரிய அளவில் வெளியிட்ட ‘சூப்பர்மேன் வெர்சஸ் முகமது அலி’ என்ற காமிக்ஸ், 2010இல் இரண்டு கெட்டி அட்டைப் பதிப்புகளாக மறுபடியும் அச்சாகியது. ஒன்று, பழைய இதழின் அளவையே கொண்ட நகல் பதிப்பு. மற்றொன்று, சாதாரண காமிக்ஸ் அளவுக்குச் சுருக்கப்பட்ட டீலக்ஸ் பதிப்பு. இந்த மதிப்புரை பெரும்பாலும் முதலாவதைப் பற்றியது. அதிலும் ஓவியர் நீல் ஆடம்ஸ் வரைந்த அதன் அட்டையைப் பற்றியது. நூலை அட்டைக்காக மட்டும் வாங்குவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நூலைப் பொறுத்தவரை அதில் தவறே இல்லை என்பது என் கருத்து.

மூல இதழ் ஏறத்தாழ 10 அங்குல அகலமும் 13.5 அங்குல உயரமும் கொண்டது. அன்று அமெரிக்கக் கடைகளில் 35 சென்ட்டுக்கு விற்ற வழக்கமான காமிக்ஸ் இதழோடு ஒப்பிட்டால், பக்கத்தின் பரப்பு ஏறக்குறைய இரு மடங்கு. 72 பக்கங்களுக்கு விலை இரண்டரை டாலர். முன்னட்டையும் பின்னட்டையும் சேர்ந்து ஒரே படமாக ஓடுவதால், நூலைக் கவிழ்த்து விரித்தால் 20 அங்குல அகலத்துக்கு ஒரு குத்துச்சண்டை அரங்கமே கண்முன் நிற்கிறது. மேடையில் கையுறை மாட்டிய சூப்பர்மேனும் அலியும் மோதுகிறார்கள். அவர்களைச் சுற்றி, அடையாளம் காணத்தக்க 172 பேர் பார்வையாளர்களாக அமர்ந்திருக்கிறார்கள்.

இந்த 172 பேர்தாம் அட்டையின் உயிர். அன்றைய அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், அவருக்கு முந்தைய அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, நடிகை லூசில் பால், ஓவியர் ஆண்டி வார்ஹோல், நாவலாசிரியர் கர்ட் வானகட், கால்பந்து வீரர் பெலே, தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜானி கார்சன், ஜாக்சன் 5 குழுவினர் என்று அந்தக் காலத்து அமெரிக்கா பேர் தெரிந்துவைத்திருந்தவர்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு இடையே டிசி கதாபாத்திரங்களான பேட்மேனும் வொண்டர் வுமனும் சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரும் உட்கார்ந்திருக்கிறார்கள். டிசி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். யார் யார் எங்கே என்பதைக் காட்ட, தலைகளின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து ஒவ்வொன்றுக்கும் எண் இட்ட ஒரு குறிப்பு வரைபடத்தை மூல இதழின் உள்ளட்டையில் அச்சிட்டிருந்தார்கள். எண்ணைப் பார்த்து முகத்தைத் தேடுவதும், ஏதோ ஒரு முகத்தில் கண் நின்றுவிட்டால் திரும்பிப் போய் அதன் எண்ணைத் தேடுவதுமாக, கதையைத் தொடங்கும் முன்பே நேரம் போய்விடுகிறது. அட்டைப்படம் என்பது கடையில் போகிறவரை ஒரு நொடி நிறுத்துவதற்கானது என்ற தொழில் விதியை இந்த ஓவியம் மீறவில்லை. மேடையும் இரண்டு வீரர்களும் அந்த ஒரு நொடி வேலையை எடுத்த எடுப்பிலேயே செய்துவிடுகிறார்கள். அதன்பிறகு படத்தைக் கீழே வைக்க விடாமல் பிடித்துவைப்பது கூட்டத்தின் வேலை.

நீல் ஆடம்ஸ் (1941-2022) தம் மற்றப் புகழ்பெற்ற அட்டைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான வழியில் போனவர். 1971 ஜனவரி மாத ‘சூப்பர்மேன்’ 233ஆம் இதழில், மார்பை விரித்துச் சங்கிலியை அறுக்கும் ஒரே உருவம்தான் முழு அட்டையும். 1973இல் வந்த ‘பேட்மேன்’ 251இல் ராட்சத உருவமாக நிற்கும் ஜோக்கரும், அவன் கையில் உள்ள சீட்டில் சிக்கிய பேட்மேனும் மட்டுமே. கண்ணுக்கு ஒரே ஓர் இலக்கைத் தந்து மற்ற எல்லாவற்றையும் விலக்குவதில் தேர்ந்தவர், இங்கே விலக்கவே முடியாத அளவுக்கு முகங்களை நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் இருந்தார். அப்படியும் படம் சிதறவில்லை.

முகச்சாயல் பிடிப்பது அவருக்குப் புதிதல்ல. காமிக்ஸுக்கு வருமுன் விளம்பர ஓவியத் துறையில் உழைத்தவர். தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தழுவிய ‘பென் கேசி’ என்ற நாளிதழ்ப் படக்கதையை 1962 முதல் சில ஆண்டுகள் வரைந்தவர். நடிகர் ஒருவரின் முகத்தை நாள்தோறும், வெவ்வேறு கோணத்திலும் வெளிச்சத்திலும், வாசகர் ஏற்றுக்கொள்ளும்படி வரைந்தாக வேண்டிய வேலை அது. அந்தப் பயிற்சிதான் இந்த அட்டையில் பலன் தருகிறது. சினாட்ராவையோ லூசில் பாலையோ கேலிச்சித்திரம்போல மூக்கையும் தாடையையும் பெரிதாக்கி அடையாளப்படுத்த அவர் முனையவில்லை. புகைப்படத்தில் இருப்பதுபோன்ற இயல்பான முகத்தை, மிகக் குறைந்த கோடுகளில் பிடித்திருக்கிறார். மேடையில் உள்ள அலியும் அப்படியே. உலகிலேயே அதிகம் படம் பிடிக்கப்பட்ட முகங்களுள் ஒன்று என்பதால் சிறு பிசகும் தெரிந்துவிடும். இங்கே பிசகு இல்லை.

உண்மையில் அலியின் முகம் காரணமாகத்தான் இந்த வேலை ஆடம்ஸிடம் வந்தது. முதலில் ஜோ கூபர்ட் என்ற மூத்த ஓவியர் இதே காட்சியை வரைந்தார். ஆரவாரமிடும் கூட்டம் மேடையைச் சூழ்ந்த, இருள் மிகுந்த அரங்கம் அவருடையது. அதில் அலியின் சாயல் போதாது என்று பதிப்பாளர்கள் கருதியதால் பொறுப்பு கைமாறியது. ஆனாலும் மேடை எங்கே, வீரர்கள் எங்கே, கூட்டம் எப்படிச் சூழ்கிறது என்ற அடிப்படை அமைப்பில் ஆடம்ஸ் கூபர்ட்டையே ஏறத்தாழப் பின்பற்றினார். இந்த அட்டையைப் புகழ்கிறவர்கள் கூபர்ட்டின் பங்கைச் சொல்லாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை. முகங்கள் ஆடம்ஸின் சாதனை. முகங்களைத் தாங்கி நிற்கும் சட்டகம் இன்னொருவர் போட்டுக் கொடுத்தது.

படத்தில் இடம்பெறும் பிரபலங்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, சிலர் மறுத்தார்கள். ஏற்கெனவே வரைந்துவிட்ட முகத்தை என்ன செய்வது? மீசை வைத்துவிட்டார்கள். மறுத்தவர்களில் நடிகர் ஜான் வெய்னும் ஒருவர். அந்தச் செய்தி தெரிந்தபிறகு, கூட்டத்தில் காணப்படும் மீசைக்காரர்கள் எல்லார்மீதும் சந்தேகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

கூட்டத்தில் எனக்கு மிக முக்கியமானவர்கள் வேறு இருவர்: சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும். தங்கள் படைப்பின் உரிமையை 1938இல் 130 டாலருக்கு விற்றுவிட்டு, முதுமையில் வறுமையோடு போராடிய அவர்களுக்காக 1975இல் பகிரங்கமாகக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர் நீல் ஆடம்ஸ். அந்தப் போராட்டத்தின் பயனாக ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், சூப்பர்மேன் கதைகளில் படைப்பாளர் என்ற பெயர்க்குறிப்பும் அவர்களுக்குக் கிடைத்தன. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் வந்த இந்த அட்டையில் அதிபர்களுக்கும் நடிகர்களுக்கும் இணையாக அவர்களுக்கும் இருக்கை போடப்பட்டிருக்கிறது. எண்ணிட்ட வரைபடத்தின் துணையோடு அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்கு, இது வெறும் பிரபலங்களின் அணிவகுப்பாகத் தோன்றாது.

கதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்க்ரப் என்ற வேற்றுலக இனம், தங்கள் வீரனோடு மோதப் பூமி ஒரு வீரனை அனுப்பாவிட்டால் பூமியை அழித்துவிடுவோம் என்று மிரட்டுகிறது. பூமியின் வீரன் யார் என்பதில் சூப்பர்மேனுக்கும் அலிக்கும் போட்டி எழுகிறது. இருவரும் சமநிலையில் மோத வேண்டும் என்பதற்காக, சூப்பர்மேனின் ஆற்றல் வேலை செய்யாத சிவப்புச் சூரியன் ஒளிரும் ஒரு கிரகத்தில் சண்டை நடக்கிறது. டென்னிஸ் ஓநீலின் மூலக்கதையை ஆடம்ஸே தழுவி எழுதியிருக்கிறார். அவருடைய பென்சில் கோடுகள்மீது டிக் ஜியோர்டானோவும் டெரி ஆஸ்டினும் மை பூசியிருக்கிறார்கள். உரையாடல் சில இடங்களில் நீண்டு அலுப்பூட்டுகிறது. ஆனால், ஆற்றல் இழந்த சூப்பர்மேன் அலியிடம் அடி மேல் அடி வாங்கியும் விழ மறுக்கும் பக்கங்கள் இன்றும் சோர்வு தட்டாதவை. மனித உடலின் எடையும் களைப்பும் காமிக்ஸில் இவ்வளவு உறுதியாகத் தெரிவது அரிது.

கதையைப் படித்து முடித்ததும் ஒன்று புலப்படும். சண்டை நடப்பது வேற்றுக் கிரகத்தில். சுற்றி அமர்ந்து பார்ப்பவர்கள் வேற்றுலகவாசிகள். சினாட்ராவும் வார்ஹோலும் அங்கே போகவே இல்லை. கதையில் இல்லாத ஒரு காட்சியைத்தான் அட்டை காட்டுகிறது. பொதுவாக இப்படிப்பட்ட அட்டைகளை ஏமாற்று வேலை என்று சொல்லி ஒதுக்குகிறவன் நான். உள்ளே நடக்காததை வெளியே காட்டி விற்பது காமிக்ஸ் வணிகத்தின் பழைய நோய். இங்கே மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. அலி 1978 பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸிடம் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தை இழந்து, செப்டம்பரில் அதை மீட்டார். அதே ஆண்டு டிசம்பரில் சூப்பர்மேன் திரைப்படம் வெளிவந்தது. அந்த ஆண்டில் இந்த இருவரும் நியூயார்க்கில் மோதியிருந்தால் முன்வரிசையில் யார் இருந்திருப்பார்கள் என்ற கேள்விக்கு இந்த அட்டைதான் விடை. கதைக்குள் அடங்காத அந்தக் கற்பனைக்கு அட்டையைத் தவிர வேறு இடம் ஏது?

இனிப் பதிப்பு. நகல் பதிப்பின் பெரிய பலம் அதன் அளவு. பின்வரிசை முகங்கள் பெரிய பக்கத்திலேயே விரல்நகத்தைவிடச் சிறியவை; கண், மூக்கு, வாய் எல்லாம் இரண்டு மூன்று மைக்கீற்றுகளில் முடிந்துவிடுகின்றன. டீலக்ஸ் அளவுக்கு அதைச் சுருக்கும்போது கீற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சாயல் கரைந்து, பின்வரிசை வெறும் தலைகளின் குவியலாகிவிடுகிறது. கதையை மட்டும் படிக்க விரும்புகிறவருக்கு டீலக்ஸ் பதிப்பு கையாள எளியது. மடியில் வைத்துப் படிக்கலாம். இந்த அட்டைக்காக வாங்குகிறவருக்கு அது உதவாது.

கெட்டி அட்டைக்கென்று ஒரு குறை உண்டு. இரண்டு அட்டைகளையும் இணைக்கும் முதுகுப் பகுதியின் தடிப்பும், அதன் இருபுறமும் உள்ள பள்ளமும் படத்தின் நடுவில் விழுகின்றன. விரித்து வைத்தாலும் படம் ஒரே தளமாகப் படியாது. கூட்டத்தின் ஒரு பகுதி வளைவில் நெளிகிறது. முழுப் படத்தையும் மடிப்பில்லாத தனித்தாளில் அச்சிட்டு நூலோடு இணைத்திருந்தால், இந்தப் பதிப்பின்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இருந்திருக்காது. ‘நட்சத்திர வீரர்களிடமிருந்து பூமியைக் காக்கும் சண்டை’ என்ற பொருளில் ஓடும் விளம்பர வாசகமும் பெரிய தலைப்பெழுத்துகளும் மேற்பகுதியை நிறைத்திருப்பதும் ஓவியத்தை மட்டும் பார்க்க விரும்புவோருக்கு இடைஞ்சல்தான். ஆனால் அட்டை என்றால் எழுத்தும் சேர்ந்ததே என்பதால் அதை வடிவமைப்பின் குறையாகச் சொல்ல மாட்டேன்.

எனக்கு வந்த பிரதியின் மேல்மூலை நசுங்கியிருந்தது. விற்றவர் அதை மெல்லிய உறையில் போட்டு அனுப்பியிருந்தார். இவ்வளவு பெரிய நூலைத் தபாலில் வரவழைக்கிறவர்கள், தடித்த அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பும்படி முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது. வழக்கமான புத்தக அலமாரித் தட்டில் இது நிற்காது. படுக்கை வாட்டில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

பழைய 1978 இதழையே வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய அளவாலும் மெல்லிய அட்டையாலும் இந்த வகை இதழ்கள் மடிந்தும் ஓரம் கிழிந்தும் போவது வழக்கம். சேதமில்லாத பிரதி கிடைப்பது கடினம், கிடைத்தால் விலை கூடுதலாகத்தான் இருக்கும். விற்பவர்கள் பலர் முன்னட்டையை மட்டும் படம் எடுத்துக் காட்டுவார்கள். இந்த இதழில் பாதி ஓவியம் பின்பக்கத்தில் இருக்கிறது. பின்னட்டையின் படத்தையும், முதுகு மடிப்பின் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தபிறகே பணம் செலுத்துங்கள்.